மழைநீர்க் கால்வாயில் சாக்கடை: நம் குளங்களுக்காக ஒரு மனு



கோவைக்குக் கடற்கரை இல்லை. மாலையில் பிள்ளைகளைக் காற்று வாங்க அழைத்துப் போக நமக்கு இருப்பது உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் ஆகியவற்றின் கரைகள்தாம். 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நம் ஊர் இடம்பெற்ற பிறகு நடைபாதையும் விளக்குகளும் வந்தன. கரை அழகாகிவிட்டது. ஆனால் மழை பெய்த மறுநாள் அதே கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. இது ஏன் என்று பலர் அறக்கட்டளை அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறக்கும் நொய்யலில் ஆங்காங்கே அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பினார்கள் நம் முன்னோர். ஒரு குளம் நிறைந்தால் அடுத்ததற்குப் போகும். மிச்சம் மறுபடி ஆற்றுக்கே வரும். இன்று அந்த வாய்க்கால்களோடு நகரத்தின் மழைநீர் வடிகால்களும் சேர்ந்துவிட்டன. தெருவில் சிந்திய எண்ணெய், டயர் தூள், பிளாஸ்டிக், ஒர்க்‌ஷாப் கழிவு என்று பல நாட்களாகச் சேர்ந்ததை எல்லாம் முதல் மழை ஒரே அடியாக வழித்துக் குளத்தில் தள்ளுகிறது.

அதைவிடப் பெரிய கேடு வேறு. மழைநீர்க் கால்வாய் வேறு, பாதாளச் சாக்கடை வேறு. முன்னது நேராகக் குளத்துக்கோ ஆற்றுக்கோ போகும். பின்னது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களிலும், எட்டியும் இணைப்பு வாங்காத கட்டிடங்களிலும், கழிவுக் குழாயை மழைநீர்க் கால்வாயிலேயே விட்டுவிடுகிறார்கள். கோடையில் ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் கால்வாயில் கறுப்பாக ஏதோ ஓடுகிறதா? அது மழைநீர் அல்ல. இதைப் பார்க்க விஞ்ஞானி வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும்.

சாக்கடையின் சத்தில்தான் ஆகாயத்தாமரை தழைக்கிறது. அது தண்ணீரை மூடினால் காற்று உள்ளே போகாது, மீன் சாகும். அதன் வேரில் ஒட்டிக்கொண்டு மூச்சு விடும் கொசுப் புழுக்களும் உண்டு. நமக்குக் குடிக்கச் சிறுவாணியும் பில்லூரும் இருக்கலாம். குளிக்க, துவைக்க, பல பள்ளிவாசல்களில் ஒளு செய்ய, போர்த் தண்ணீர்தானே? குளத்தில் தேங்குவதுதான் அந்த நிலத்தடி நீரில் ஊறுகிறது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். குளத்துக்கே கழிவுக் குழாய் வைப்பதைப் பற்றி ஆலிம்களிடம் தனியாகக் கேட்கத் தேவையில்லை என்பது நம் எண்ணம்.

கேட்டால் நடக்குமா என்பவர்கள் நொய்யலின் கீழ்ப்பக்கம் பாருங்கள். சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக் கழிவின் தொட்டியாகிப் போனது. கரூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவை வெளியே விடாத முறைக்கு ஆலைகள் மாறின. பாழான நிலம் பாழானதுதான். அவ்வளவு தூரம் போகும் முன் கேட்பது மலிவு.

யாரிடம் கேட்பது? கால்வாயும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியின் பொறுப்பு. நீரில் கழிவு விடுவதைத் தடுக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தை அமல்படுத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ‘குளத்தைச் சுத்தம் செய்யுங்கள்’ என்று மொட்டையாக எழுதினால் ஆகாயத்தாமரையை வாரிவிட்டுப் படம் எடுப்பார்கள். மூன்று மாதத்தில் திரும்ப முளைக்கும். குளத்தில் சேரும் ஒவ்வொரு கால்வாயிலும் கழிவு எங்கே கலக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும், அந்த இணைப்புகளைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்ற வேண்டும், கால்வாய் வாயில் குப்பை தடுக்கும் கம்பி வலை வேண்டும், நீரைப் பரிசோதித்து முடிவைக் கரையிலேயே பலகையில் எழுத வேண்டும் என்று கேட்போம். 2011-ல்தான் மாநகராட்சியோடு இணைந்த குறிச்சி, குனியமுத்தூர் பகுதிகளில் வீட்டு இணைப்பு எந்த அளவில் நிற்கிறது என்பதையும் எழுத்தில் கேட்போம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு.

அதிகாரி முதலில் நம் கடைகளைத்தான் காட்டுவார். அதனால் மீன், இறைச்சிக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கழிவைக் கால்வாயில் விடாமல் தனியாகக் கொடுக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். குர்பானி நாட்களில் இரத்தமும் குடலும் சாக்கடைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்வதை மஹல்லா இளைஞர்களிடம் ஒப்படைக்கலாம். 2013-ல் பெரியகுளத்தைத் தூர்வாரியபோது எல்லாச் சமுதாயத்தாரும் சேர்ந்துதான் மண் அள்ளினார்கள். இந்த மனுவிலும் தெருவிலுள்ள எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

உங்கள் தெருக் கால்வாயில் மழை இல்லாத நாளில் கழிவு ஓடினால், இடம், தேதி, நேரம் குறித்து ஒரு படத்தோடு அலுவலகத்தில் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அவற்றைத் தொகுத்து மாநகராட்சியிலும், ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வருவோம். உடன் வர விரும்பும் பெண்களுக்கும் வாகன ஏற்பாடு உண்டு.