சித்தன்னவாசல்: ஈரச் சுவரா, காய்ந்த சுவரா?

தாமரைக் குளம். இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து கிடக்கின்றன. இடையிடையே மொட்டும் மலரும். மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானையும் எருமையும் நீரில் இறங்கி நிற்கின்றன. நடுவே கோவணம் மட்டும் உடுத்தவர்கள் பூப்பறிக்கிறார்கள். ஒருவர் கையில் தாமரைத் தண்டு வளைந்து தோளில் சாய்ந்திருக்கிறது. சமண மரபின் சமவசரணத்தில், அதாவது தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் அவையில், வரும் காதிகா பூமி என்னும் குளப்பகுதி இது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் இருக்கும் சித்தன்னவாசல் அறிவர் கோயிலில், அண்ணாந்து பார்த்தால் கிடைக்கும் காட்சி.

இந்த ஓவியத்தை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சிலர் ‘மியூரல்’ என்கிறார்கள், சிலர் ‘ஃபிரெஸ்கோ’ என்கிறார்கள். இரண்டும் ஒன்று என்ற நினைப்பு பலருக்கு உண்டு. ஒன்றல்ல. சுவரிலோ கூரையிலோ வரைந்த எதுவும் மியூரல்தான். பள்ளிக்கூட மதிலில் எனாமல் பெயின்ட்டால் எழுதிய திருவள்ளுவரும் அதில் அடக்கம். ஃபிரெஸ்கோ அதில் ஒரு வகை மட்டுமே. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே, வெறும் தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தீட்டிவிட வேண்டும். சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும். நிறமும் அந்தக் கல்லோடு கல்லாகச் சிறைப்படும். பசை தேவையில்லை. ஆனால் அன்று பூசிய இடத்தை அன்றே முடித்தாக வேண்டும். கை தவறினால் சாந்தைக் கொத்தி எடுப்பதைத் தவிர வழியில்லை.

காய்ந்த பூச்சின்மேல் வரைவது வேறு வேலை. அங்கே நிறத்தைப் பிடித்து நிறுத்த ஏதாவது ஒன்று வேண்டும்: பசை, பிசின், அல்லது சுண்ணாம்பு நீர். சுண்ணாம்பு நீரில் குழைத்துக் காய்ந்த பூச்சில் தீட்டுவதை ‘ஃபிரெஸ்கோ செக்கோ’ என்பார்கள். பெயரில் ஃபிரெஸ்கோ இருந்தாலும் நிறம் சுவருக்குள் முழுதாக இறங்குவதில்லை. வெள்ளையடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருமே, அதைப் போன்ற ஆபத்து இதற்கு எப்போதும் உண்டு.

சித்தன்னவாசல் எந்த வகை? இதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் தென்னிந்தியச் சுவரோவியங்களின் பூச்சையும் நிறங்களையும் ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்த சோழர் ஓவியங்கள் அசல் ஃபிரெஸ்கோ என்று பரமசிவன் நிறுவினார். சித்தன்னவாசலில் அவர் கண்டது, சுண்ணாம்பையே பிடிமானமாகக் கொண்ட செக்கோ முறை. பாறைமேல் மெல்லிய சுதை, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை, மரக்கரியின் கறுப்பு, காவிக்கல்லின் மஞ்சளும் சிவப்பும். பெரும்பாலும் மண்ணும் கல்லும் கரியும்தான்; அவற்றைக் கொண்டு அந்தத் தாமரை இதழின் மென்மையை எப்படிக் கொண்டுவந்தார்களோ!

இந்த ஓவியங்கள் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்றுதான் முதலில் எழுதினார்கள். பிறகு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டைக் கொண்டு, 9ஆம் நூற்றாண்டு என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். அப்படியானால் 1,100 ஆண்டுகளுக்கு மேல் தாங்கியிருக்கிறது. மிலான் நகரில் லியொனார்டோ காய்ந்த சுவரில் வரைந்த ‘கடைசி விருந்து’ இருபது ஆண்டுக்குள்ளேயே பெயரத் தொடங்கிவிட்டது. நம் ஓவியன் வேலை தெரிந்தவன்.

ஆனாலும் இழப்பு பெரிது. தூண்களில் இருந்த ஆடல் மகளிரும், முடி தரித்த அரசனும் அரசியும் இன்று வெறும் கோடுகளாக மங்கிப் போனார்கள். மேலே கைக்கு எட்டாத கூரைதான் ஓரளவு தப்பியது. கைக்கு எட்டிய தூண் எப்படியானது என்பதைப் பார்த்தாலே காரணத்தில் ஒரு பங்கு விளங்கும். ‘ஃபிரெஸ்கோதானே, கல்லோடு கல்லாகிவிட்டது, என்ன ஆகிவிடும்’ என்று எண்ணுவதற்கு இங்கே இடமில்லை. ஈரத்துணியால் துடைப்பதும், விரலால் தடவிப் பார்ப்பதும் நிறத்தையே எடுத்துவிடும். கூட்டமாக நின்று மூச்சு விடும்போது சேரும் ஈரப்பதம்கூட நல்லதல்ல.

இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. அங்கே வைக்கும் பலகையிலும், மாவட்டச் சுற்றுலாக் கையேடுகளிலும் ‘ஃபிரெஸ்கோ’ என்று மொட்டையாக எழுதாமல், காய்ந்த பூச்சில் வரைந்தது, தொட்டால் உதிரும் என்று தமிழில் தெளிவாக எழுத வேண்டும். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் உள்ளே நுழையும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். தூணில் கை வைக்காதீர்கள், சாயாதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள்.