நினைவட்டையின் வேகம்

வகுப்பிலே வேற்றுமை உருபு கற்பிப்பவன் கமராவின் நினைவட்டையைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். ஆயினும் கல்லூரிப் புகைப்படக் கழகத்தின் பொறுப்பு என்பால் இருந்து வருகின்றது. அட்டையைத் தேர்ந்து வாங்க அறியாமையால் நேர்ந்த இழப்பொன்றும் என்னாலேயே நேர்ந்தது. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பரிசளிப்பு விழாவிலே, எண்பது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தாம் இங்கு மாணவராய் இருந்த காலத்தைக் குறித்து உரையாற்றினார். கழக மாணவன் ஒருவன் அதனை வீடியோவிற் பதிவுசெய்தான். ஒன்பதாம் நிமிடத்திற் கமரா தானே நின்றது. அட்டையின் வேகம் போதாதென்ற அறிவிப்புத் திரையிலே தோன்றியது. மீண்டும் தொடங்கினான், மீண்டும் நின்றது. பெரியவர் அடுத்த ஆண்டு காலமானார். அவ்வட்டையின் முகப்பில் 100 என்னும் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. அதை நம்பி வாங்கியவன் நானே.

அந்த 100 யாது? செக்கனுக்கு 100 மெகாபைற்று என்பதே பொருள். ஆனால் முகப்பிலுள்ள பெரிய எண் பெரும்பாலும் அட்டையிலிருந்து படிக்கும் வேகத்தையே குறிக்கும். அதுவும் உச்ச வேகம். படங்களைக் கணினிக்கு மாற்றும்போது அது பயன்படும். படம் பிடிக்கும் வேளையிற் கமராவுக்கு வேண்டுவதோ அட்டையில் எழுதும் வேகம்.

நம்மூர்த் தோட்டங்களில் நீர் இறைப்பதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். இயந்திரம் இறைக்கும் நீர் தொட்டியில் விழுந்து, வாய்க்கால் வழியே பாத்திக்குச் செல்கின்றது. வாய்க்கால் ஒடுங்கியதாயின் தொட்டி நிரம்பும். நிரம்பியபின் இயந்திரத்தை நிறுத்தியே ஆகவேண்டும். கமராவினுள்ளும் அத்தகைய தொட்டி ஒன்று உண்டு. அதனை இடைநினைவகம் என்பர். அட்டையே வாய்க்கால். மேலும், மலிவான அட்டைகள் சில தொடக்கத்தில் விரைந்து வாங்கிக்கொண்டு, இடைவிடாது எழுதும்போது தளர்ந்துவிடும். எங்கள் அட்டை ஒன்பது நிமிடம் தாங்கிப் பின் கைவிட்டது இதனாலேயே எனக் கொள்கின்றேன்.

ஆகவே நோக்கவேண்டியது உச்ச வேகமன்று. எக்காலும் குறையாது என அட்டை உறுதிகூறும் எழுதும் வேகமே. அது சிறிய குறிகளாக ஒரு மூலையில் இருக்கும். ஆங்கில 'சி' எழுத்துள் 10 எனில் செக்கனுக்கு 10 மெகாபைற்று. 'யூ' எழுத்துள் 1 எனில் அதே 10, 3 எனில் 30. 'வி' எழுத்தை அடுத்து 30, 60, 90 என வரின் அந்த எண்ணே அளவு. அடைமொழிகள் மலிந்த வாக்கியத்திலே பயனிலையைத் தேடிப் பிடிப்பது போல இக்குறியைத் தேடிக் காணவேண்டும்.

கமராக் கைநூலில் வீடியோவின் அளவு மெகாபிற்றிற் கூறப்பட்டிருக்கும். எட்டுப் பிற்று ஒரு பைற்று. செக்கனுக்கு 100 மெகாபிற்று எனில் 12.5 மெகாபைற்றே, அதற்கு வி 30 தாராளம். 400 மெகாபிற்று எனில் 50 மெகாபைற்று. வி 60 வேண்டும். இவ்விரு அலகையும் மயங்கி, வேண்டாத விலை கொடுத்தோர் பலர்.

விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தின் முடிவைத் தொடர்படங்களாக எடுப்பவர் நிலை வேறு. 24 மெகாபிக்சல் கமராவின் பதப்படுத்தாத படம் ஒன்று ஏறக்குறைய 25 மெகாபைற்று. செக்கனுக்குப் பத்துப் படம் எனில் 250. யூ.எச்.எஸ். முதலாம் வகை அட்டையின் வழி 104 மெகாபைற்றுக்கு மேல் விடாது. இரண்டாம் வகை 312 வரை விடும். அதன் முதுகில் உலோகத் தொடுகைகள் இரு வரிசையாய் இருக்கும். முதலாம் வகையிலேயே 170, 200 என்று அச்சிட்ட அட்டைகளும் உள. அது தயாரிப்பாளரின் தனி முறைக்கேற்ற வாசிப்பானிற் கிட்டும் வேகம், கமராவிற் கிட்டாது. இரண்டாம் வகையை ஏற்காத கமராவில் அவ்வகை அட்டையை இட்டால், வேலை செய்யும். ஆனால் முதலாம் வகையின் வேகமே கிட்டும். ஒவ்வொரு படமாக எடுப்பவர்க்கு இவை எதுவும் வேண்டுவதில்லை.

போலி அட்டைகளும் சந்தையில் உண்டு. வாங்கிய அன்றே அட்டை முழுவதையும் கோப்புகளால் நிரப்பி, அவற்றைத் திரும்பத் திறந்து பார்த்தல் நன்று. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் அட்டை அங்கே அகப்பட்டுவிடும்.

கழகத்திடம் இன்று வி 30 குறியுடைய 64 கிகாபைற்று அட்டைகள் இரண்டு உள. முன்சொன்ன 100 மெகாபிற்று அளவில் ஒன்றிலே ஏறத்தாழ 85 நிமிடம் பதியலாம். அப்பெரியவர் உரையின் முதல் ஒன்பது நிமிடங்கள் நூலகக் கணினியில் உள்ளன. எஞ்சிய பகுதியைக் கேட்டிருந்த பழைய மாணவர் எவரேனும், நினைவிலுள்ளதை எழுதி அனுப்பின் அதனுடன் சேர்த்து வைப்போம்.