உங்களுக்குத் தெரியுமா? ஓ.பி. சீட்டுக்குப் பின்னால் சில சட்டங்கள்

● கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் ஒரு காலத்தில் விடியுமுன்னே பஸ் வந்து, தீப்பெட்டி ஆபீஸுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, தீப்பற்றும் பொருள்களோடு புழங்கும் வேலையில் 18 வயது நிரம்பாத யாரையும் வைக்கக் கூடாது. கையில் தீக்காயத்தோடு ஒரு பிள்ளை வந்தால், ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவில் எங்கே, எப்படிப் பட்டது, யார் கூட்டிவந்தார் என்பது ஏறிவிடும். பின்னால் வழக்கு வந்தால் அந்த ஒரு பக்கம்தான் சாட்சி.

● படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து அனுப்பிவைக்கும் 'தலைக்கூத்தல்', கரிசல் காட்டுக்குத் தெரியாததல்ல. 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பெரியவர் தப்பி ஓடிய செய்தி நாடெங்கும் பரவியது. சட்டத்தின் கண்ணில் இது கொலை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இப்படிப் படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். வெளியாள் ஒருவர் மாதாமாதம் எட்டிப் பார்க்கிற வீட்டில் முதியவருக்குப் பாதுகாப்பு அதிகம்.

● பெற்றோரைக் கைவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். ஆஸ்பத்திரியில் முதியவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். முதியோர் உதவி எண் 14567.

● 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் போய், 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, எந்த வடிவிலும் சங்கிலி கூடாது.

● 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருந்தது 2016 பரிசோதனையிலேயே பதிவாகியிருந்தது. அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரிந்ததும், அவரே வந்து ஆஸ்பத்திரியில் சொன்னார்.

● பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையிடம் "போலீஸ் கடிதம் எங்கே?" என்று கேட்டு எந்த ஆஸ்பத்திரியும் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். குற்றம் செய்தவர் ஆஸ்பத்திரி ஊழியரே என்றால் தண்டனை இன்னும் கடுமை.

● கருக்கலைப்புக்கு வரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீஸுக்குத் தகவல் தரும்போது அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பெயர் வெளியே வந்துவிடுமென்று பயந்து போலி வைத்தியரிடம் ஓட வேண்டாம்.

● குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பற்றி, போக்சோ சட்டத்தின்படி தகவல் சொல்ல வேண்டியவர் டாக்டர் மட்டுமல்ல. நர்ஸ், ஆயா, ஆம்புலன்ஸ் டிரைவர் என்று விஷயம் தெரிந்த எவரும் சொல்லியாக வேண்டும். 1098-க்கு அழைக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு கிடையாது. "நமக்கெதுக்கு வம்பு" என்று வாயை மூடிக்கொண்டவருக்குத்தான் 6 மாதம் வரை சிறை.