காதற் புதினங்களில் அறிவியல் துறைப் பெண்கள்

அறிவியல் ஆய்விலோ மருத்துவத்திலோ ஈடுபட்டுள்ள பெண்ணைக் கதைத்தலைவியாகக் கொண்ட காதற் புதினங்கள், 2020களில் ஆங்கிலத்தில் பெருவாரியான வாசகர்களைப் பெற்ற ஒரு வகையாகும். இவற்றில் கதைத்தலைவியின் பணி வெறும் பின்னணியாக நில்லாமல் கதையின் சிக்கலுக்கே காரணமாகிறது. காதல் கைகூடினால் அவள் பணி என்னவாகும் என்பது இப்புதினங்களின் அடிப்படை வினா. தமிழ்நாட்டில் இவ்வினா புதியதன்று. மருத்துவரும் புதின ஆசிரியருமான லட்சுமியின் வாழ்விலும், சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்விலும் இது வெவ்வேறு வடிவில் எழுந்துள்ளது.

முன்னோடிகள்

1908 இல் தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் மருத்துவமனைக் காதற்கதைகளை நெடுங்காலம் வெளியிட்டு வந்தது. அவற்றின் பழைய வாய்ப்பாட்டில் தலைவன் மருத்துவன், தலைவி செவிலி. அறிவும் அதிகாரமும் அவன் பக்கமே இருந்தன.

கோர்ட்னி மிலன் எழுதிய தி கவுண்டஸ் கான்ஸ்பிரசி (2013) இவ்வாய்ப்பாட்டைத் தலைகீழாக்கிய புதினங்களுள் ஒன்று. ஆசிரியர் வேதியியல் பயின்றவர். கதை 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிகழ்கிறது. வயலட் என்னும் பெண் மரபியலில் கண்டறிந்தவற்றை, அவளுடைய நண்பனான செபாஸ்டியன் தன் பெயரில் உலகிற்கு அறிவிக்கிறான். பெண்ணின் பெயரில் வந்தால் எவரும் செவிசாய்க்க மாட்டார்கள் என்பதால் இருவரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்தப் பொய்யைத் தொடர அவன் மறுப்பதிலிருந்து கதை விரிகிறது.

அலி ஹேசல்வுட்

இவ்வகையைப் பரவலாக்கியவர் அலி ஹேசல்வுட் என்னும் புனைபெயர் கொண்ட எழுத்தாளர். இத்தாலியில் பிறந்த இவர் ஐக்கிய அமெரிக்காவில் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இவரது முதற் புதினமான தி லவ் ஹைப்பாதசிஸ் (2021), ஸ்டார் வார்ஸ் திரைப்பட மாந்தர்களைக் கொண்டு இணையத்தில் எழுதப்பட்ட விசிறிப் புனைவாகத் தொடங்கிப் பின்னர் நூலாக உருப்பெற்றது.

இதன் கதைத்தலைவி ஆலிவ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உயிரியல் முனைவர் பட்ட மாணவி. கணையப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் வழியைத் தேடுகிறாள். அவளுடைய தாய் அந்நோயால் இறந்தவர். தோழியை நம்ப வைப்பதற்காக, அதே துறையின் இளம் பேராசிரியர் ஆடம் கார்ல்சனின் காதலியாக நடிக்கத் தொடங்குகிறாள். நடிப்பு மெய்யாவது காதற்கதைகளில் பழகிய வழிதான். ஒவ்வோர் இயலும் ஒரு கருதுகோளுடன் தொடங்குவது வேடிக்கைக்காகச் செய்யப்பட்டது.

புதினத்தின் கனமான பகுதி வேறிடத்தில் உள்ளது. ஆலிவுக்குத் தன் ஆய்வுக்கூடத்தில் இடமளிக்க முன்வரும் பேராசிரியர் ஒருவர் அவளிடம் முறைகேடாக நடந்துகொள்கிறார். புகார் அளித்தாலும் எவரும் நம்பமாட்டார்கள் என்று மிரட்டுகிறார். நிதியும் பரிந்துரைக் கடிதமும் ஆய்வுக்கூட இடமும் ஒருவர் கையில் இருக்கும்போது மாணவியின் நிலை என்ன என்பதை, ஆய்வுலகை அறியாத வாசகரும் இப்பகுதியில் எளிதில் உணர முடிகிறது. இவரது அடுத்த புதினமான லவ் ஆன் தி பிரெய்ன் (2022) நாசாவின் தலைக்கவச ஆய்வில் பணிபுரியும் நரம்பியலாளரையும், லவ், தியரிட்டிக்கலி (2023) நிலையான வேலை கிடைக்காத கோட்பாட்டு இயற்பியலாளரையும் தலைவியாகக் கொண்டவை.

குறைகளும் உண்டு. இவரது தலைவன்கள் பெரும்பாலும் நெடிய உருவமும் குறைந்த பேச்சும் கொண்ட ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள். பேராசிரியர், மாணவி காதல் என்பதிலேயே உள்ள அதிகார ஏற்றத்தாழ்வைக் கதை போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்ற விமர்சனமும் வைக்கப்படுகிறது. ஆடம் ஆலிவின் நெறியாளர் அல்லர் என்பது இதற்கு அரைகுறை விடையே.

தமிழில்

தமிழில் இதற்கு மிக அருகில் வரும் சான்று ஒரு கதைமாந்தர் அல்லர், ஒரு கதாசிரியை. லட்சுமி என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி (1921–1987) சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். படிப்பைத் தொடரப் பணமில்லாத நிலையில் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். எஸ். வாசனை அணுகினார். அவ்விதழில் கதைகள் எழுதி ஈட்டிய பணம் அவர் மருத்துவரானதற்கு உதவியது. அறிவியல் படித்தவர் பின்னர் காதற்கதை எழுதுவது ஹேசல்வுட்டின் வழி. லட்சுமியிடம் கதையே படிப்புக்குக் கட்டணம் செலுத்தியது.

காதலும் மணவாழ்வும் குடும்பமும் இவரது புதினங்களின் களம். காஞ்சனையின் கனவு, காஞ்சனா (1952) என்றும், பெண் மனம், இருவர் உள்ளம் (1963) என்றும் திரைப்படங்களாயின. 1955 இல் மணம் புரிந்து தென்னாப்பிரிக்கா சென்ற லட்சுமி அங்கும் மருத்துவராகப் பணியாற்றினார். 1977 இல் தமிழ்நாடு திரும்பி மீண்டும் எழுதலானார். ஒரு காவிரியைப் போல என்ற புதினத்திற்கு 1984 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

அடையாறு

புனைவில் கேட்கப்படும் வினாவை முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) திருமணத்திற்கு முன்பே நேராகக் கேட்டார். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், மருத்துவர் சுந்தர ரெட்டியை 1914 இல் மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். தங்கை புற்றுநோயால் இறந்தது அவரை அந்நோயின் பக்கம் திருப்பியது. 1954 இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது.

மயிலாப்பூரில் பிறந்த வி. சாந்தா (1927–2021) 1955 இல் அங்கு சேர்ந்தார். அரசுப் பணிக்குத் தேர்வாகியிருந்தும் அதை விட்டு வந்தவர் அவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, நிலைய வளாகத்திலேயே வசித்து இறுதிவரை பணியாற்றினார். 2005 இல் மக்சேசே விருதும் 2016 இல் பத்ம விபூசண் விருதும் பெற்றார்.