தந்தையைச் சுமந்த சைக்கிள்

எங்கள் கட்டபெட்டுப் பக்கம் சைக்கிளைக் காண்பது அரிது. வீட்டுக்கு மேலே சாலை, சாலைக்கு மேலே தேயிலைத் தோட்டம், அதற்கும் மேலே இன்னொரு சாலை என்று அமைந்த ஊரில் சைக்கிளை மிதிப்பதைவிடத் தள்ளுவதே அதிகமாக இருக்கும். ஆகவே, ஒரு சிறுமி தன் தந்தையைப் பின்னால் உட்கார வைத்து 1,200 கிலோமீட்டர் சென்றாள் என்று வகுப்பில் பேச்சு வந்தபோது நாங்கள் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தோம். அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

அவள் பெயர் ஜோதி குமாரி. பீகார் மாநிலம் தர்பங்கா மாவட்டத்தைச் சேர்ந்தவள். 2020-ஆம் ஆண்டில் அவளுக்கு வயது 15. எங்கள் வயதுதான்! தந்தை மோகன் பாஸ்வான் டில்லிக்கு அருகில் உள்ள குருகிராம் நகரில் ரிக்ஷா ஓட்டிப் பிழைத்தவர். அவ்வாண்டின் தொடக்கத்தில் விபத்தில் சிக்கிக் காலில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அவருக்குத் துணையாக இருக்க ஜோதி அங்கே சென்றாள். மார்ச் 25 முதல் கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு வந்தது. சம்பாத்தியம் இல்லை, வாடகை கொடுக்க வழியில்லை, உணவுக்கும் தட்டுப்பாடு. ஊருக்குப் போய்விடலாம் என்றால் பேருந்தும் இல்லை.

அப்போது ஜோதிதான், "சைக்கிளில் போகலாம், அப்பா" என்றாள். இவ்வளவு தூரம் மகளால் முடியுமா என்று தந்தை தயங்கினார். கையிலிருந்த சிறு தொகையைக் கொண்டு ஒரு பழைய சைக்கிளை வாங்கி, மே மாதத்து வெயிலில் புறப்பட்டார்கள். இரவில் பெட்ரோல் பங்க்குகளில் தங்கினார்கள். வழியில் நல்லவர்கள் உணவு கொடுத்தார்கள். கொஞ்ச தூரம் ஒரு லாரியும் ஏற்றிச் சென்றது. ஏழெட்டு நாளில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இது எவ்வாறு முடிந்தது? விஞ்ஞானப் பாடத்தைத் துணைக்கு அழைத்தோம். சைக்கிள், தந்தை, மகள், மூட்டை எல்லாம் சேர்ந்து 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் மெதுவாக உருளும் சைக்கிளுக்கு அதன் மொத்த எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு விசை போதும். அதாவது ஒரு கிலோவைத் தூக்கும் பலத்தைவிடச் சற்று அதிகம். குருகிராமிலிருந்து தர்பங்கா வரை பெரும்பாலும் கங்கைச் சமவெளி. ஆகவே உருண்டு செல்ல முடிந்தது.

நம் மலையிலோ கதை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதாவது 22 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். இங்கே அதே 120 கிலோவுக்கு முன்னைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் விசை வேண்டும். சமவெளி ஜோதிக்கு உதவியது உண்மை. ஆனாலும் அதை மட்டும் சொன்னால் அவளுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். பின் கேரியரில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடும். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் சாய்ந்து விழாமல் காக்க வேண்டும். பிரேக் பிடித்தாலும் வண்டி உடனே நிற்காது. அடிபட்ட கால் சக்கரத்தில் படாமல் பார்க்க வேண்டும். இத்தனையையும் நாளெல்லாம், நாட்கணக்கில் செய்தாள்!

செய்தி பரவியதும் உலகமே பாராட்டியது. இந்திய சைக்கிள் சம்மேளனம் அவளைப் பயிற்சித் தேர்வுக்கு அழைத்தது. அவளோ முதலில் படிப்பை முடிக்க விரும்புவதாகச் சொன்னாள். பணமில்லாமல் பள்ளியை விட்டவள் அவள். ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப்பட்டாள். 2021-இல் பிரதம மந்திரியின் தேசிய பாலர் விருதும் பெற்றாள். அதே ஆண்டு மே மாத இறுதியில், அவள் சுமந்து வந்த தந்தை மாரடைப்பால் காலமானார்.

இதைப் படித்தபோது எங்களுக்குள் விவாதம் எழுந்தது. "என்ன வீரம்!" என்றனர் பாதிப்பேர். "இதில் கொண்டாட என்ன இருக்கிறது? ஒரு சிறுமிக்கு இந்த நிலை வரலாமா?" என்றனர் மற்றவர்கள். நெடுநேரம் பேசிய பின், இரண்டும் சரி என்றே எங்களுக்குத் தோன்றிற்று. தாய் தந்தையரைப் போற்றச் சொல்லும் கட்டளையை நாங்கள் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஜோதி அதை மிதித்துக் காட்டினாள். ஆனால் அவள் சைக்கிளில் ஏறியது உல்லாசப் பயணத்துக்காக அன்று; வேறு வழி இல்லாததால். அவளைப் புகழும்போது அதை மறக்கலாகாது.

சைக்கிளை வேறு காரணத்துக்காகவும் பெண்களிடம் கொடுத்திருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கிராமப் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்பு மாணவியருக்குப் பதினோராம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் வழங்கத் தொடங்கி, பின்னர் மற்றவர்களுக்கும் விரித்தார்கள். ஜோதியின் பீகாரிலேயே 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தருகிறார்கள். எல்லாம் எதற்காக? பெண் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்பதற்காக.

எங்களில் பலரைச் சிறு வயதில் தோளில் தூக்கிச் சுமந்து இந்த மேட்டுப்பாதைகளில் ஏறியவர்கள் எங்கள் அப்பாக்கள்தாம். அவர்கள் தளரும் நாளில் அவர்களைத் தாங்க நாங்கள் தயங்க மாட்டோம். அதற்குரிய பலத்தை இறைவன் தருவாராக. அதோடு, பசிக்குப் பயந்து தகப்பனும் மகளும் சைக்கிளில் ஊர் திரும்பும் நிலை எவருக்கும் வராதிருக்கவும் வேண்டுகிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்