தண்ணீரில் மூழ்கிய ரெயில் பாதை!

வில்லியனூருக்கு 1879-ம் ஆண்டிலேயே ரெயில் வந்துவிட்டது. அந்தப் பாதையைப் போட்டவர்கள் கூலித் தொழிலாளர்கள். கூலியே வாங்காமல் ரெயில் பாதை போட்டவர்களும் உலகில் உண்டு!

பிரிட்டனில், வேல்ஸ் மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1836-ல் பெஸ்டினியோக் ரெயில் பாதை போடப்பட்டது. 1946-ல் அது மூடப்பட்டது. ரெயில் பிரியர்கள் 1955-ல் மீண்டும் ரெயிலை ஓட்டினார்கள். ஆனால், மின்சார நிலையத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்தில் பாதையின் ஒரு பகுதி மூழ்கிப்போயிற்று.

அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1965-ல் தொண்டர்கள் மண்வெட்டியோடு மலை ஏறினார்கள். விடுமுறை நாட்களில் பாறை உடைத்தார்கள்; மண் சுமந்தார்கள். தண்ணீருக்கு மேலே ஏறுவதற்காகப் பாதையை வட்டமாக வளைத்து, அதன் மேலேயே பாலம் கட்டினார்கள். சுரங்கம் குடையக் கூலிக்கு ஆள் வைத்தார்கள்.

17 ஆண்டு உழைப்பு! 1982 மே 25-ந் தேதி ரெயில் பழைய ஊரைச் சேர்ந்தது.