மிளகின் விலை

சேர நாட்டு மலைச்சாரலில் மிளகுக்கொடி மரந்தோறும் படர்ந்து கிடந்தது. ஆங்குள்ள மக்கள் அதனை அரும்பொருளாகக் கருதினாரல்லர். ஆயின், கடல் கடந்து உரோமாபுரியை அடைந்ததும் அம்மிளகு பொன்னும் வெள்ளியும் போல நிறுத்து விற்கப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டினராகிய பிளினி என்னும் உரோம அறிஞர், இந்தியப் பண்டங்கள் அந்நகரில் முதல் விலையினும் நூறு மடங்கு மிகுதியாக விற்றன என்கிறார். அவர் சற்று மிகைபடக் கூறியிருக்கலாம். எனினும் வேறுபாடு பெரிதென்பதில் ஐயமில்லை.

இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றிற்று? முசிறியில் மிளகேற்றிய மரக்கலம் பருவக்காற்றை எதிர்நோக்கிக் காத்திருத்தல் வேண்டும். நடுக்கடலில் கலம் கவிழ்ந்தால் முதலும் போய்விடும். ஆதலின், தப்பிவந்த சரக்கின்மேல் அவ்விழப்பையும் ஏற்றியே வணிகர் விலை கூறினர். எகிப்து நாட்டுச் செங்கடற்கரையில் இறங்கிய பொதிகள் ஒட்டகங்களின்மீது பாலைவனத்தைக் கடந்து, நைல் ஆற்றின் வழியே படகில் அலெக்சாந்திரியாவை அடைந்தன. உரோம அரசு அவற்றின் மதிப்பில் நூற்றுக்கு 25 பங்கு சுங்கமாகக் கொண்டது. முசிறி வாணிகத்தைப் பற்றிய கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாபிரசு ஏடொன்று வியன்னா நகரில் இன்றும் உள்ளது. அதனால் இச்சுங்கம் புலனாகிறது.

செலவு மட்டுமே காரணமன்று. காரமன்றி மிளகில் யாது சிறப்புளது எனப் பிளினியே வியந்தார். ஆயினும் கொள்வோர் குறைந்திலர். அவர் கொடுக்க இசைந்த அளவுக்கு விலையும் உயர்ந்தது. வடமொழியில் மிளகுக்கு ‘யவனப்பிரியம்’ என்றே ஒரு பெயர் உண்டு. கி.பி. 408-இல் உரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக்கு என்பவன், முற்றுகையை நீக்குதற்குப் பொன், வெள்ளி, பட்டாடை ஆகியவற்றோடு 3,000 இராத்தல் மிளகும் கேட்டான்.